கோழிக்குஞ்சுக்கு ஒரு கட்டம் கூடுதல்

தெருமுனைத் தையல்கடைக்காரி எந்தத் துணியை வெட்டினாலும் அளவுக்கு மேல் ஒரு விரற்கடை விட்டுத்தான் வெட்டுவாள். துவைத்தால் சுருங்கும், உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு இன்று டேப்லெட்டில் ஒரு கோழிக்குஞ்சின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

டேப்லெட் மகளுடையது. பள்ளியில் கோடிங் கற்றுத்தரும் ஆப் ஒன்றை அதில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் "அம்மா, அம்மா" என்று காலைச் சுற்றிய பெண், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு அதோடு குடும்பம் நடத்துகிறாள். எனக்கும் சொல்லிக்கொடேன் என்று கேட்டதற்கு, "உனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று பாசமாகச் சொன்னாள். பாசமாகச் சொன்னதுதான் வலித்தது. மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் முதல் பாடத்தையாவது முடித்துவிடுவது என்று, தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாடம் என்னவோ சுண்டைக்காய்தான். குஞ்சு நாலு கட்டம் நடந்தால் தானியம். அதைத் தாண்டினால் குளம். 'முன்னே போ' என்பதற்குப் பக்கத்தில் எண்ணைப் போட வேண்டும். அவள் ஐந்து போட்டாள். குஞ்சு தானியத்தை மிதித்துக்கொண்டு போய்க் குளத்தில் விழுந்தது. அருமையான முயற்சி என்று ஆப் கைதட்டியது. மறுபடி ஐந்து, மறுபடி குளம், மறுபடி கைதட்டல். குஞ்சுக்குத்தான் கண் தெரியவில்லை என்று அவள் முடிவு கட்டினாள்.

இரவுக் காவல் முடித்து வந்து கட்டிலில் கிடந்த கணவனிடம் முறையிட்டாள். கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தால், வேண்டிய மட்டும் நடந்துவிட்டு நிற்க வேண்டாமா?

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "அது என்ன உன் புருஷனா, சொன்னதுல பாதியை விட்டுட்டுச் செய்ய? நீ சொல்றதை அப்படியே செய்யுது, பாவம்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அதுதான். தாராளத்தையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, மனசே இல்லாமல் நாலு போட்டாள். குஞ்சு தானியத்தின் மேல் கச்சிதமாகப் போய் நின்றது. அவள் போட்ட கூச்சலில் கணவனின் மிச்சத் தூக்கமும் போயிற்று.

மகள் வந்தாள். திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. இதற்குத்தானா இத்தனை பாடு?

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"அம்மா, என்னோட குஞ்சு மரத்தையே சுத்திச் சுத்தி வருது, நிக்கவே மாட்டேங்குது. எங்க தப்புன்னு பாரேன்."

பார்த்தாள். ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டாளே! மனசு நிறைந்துபோய், "கொஞ்சம் தள்ளி உக்காரு, பாக்கலாம்" என்று மகளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.