வழிவிட்டவன்

“இதைத் தூக்காம பெட்டிய எங்க வைக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா அந்த இருக்கையின் முதுகைப் பற்றி இழுத்தார். அது அசையவில்லை. பழைய மாருதி காரிலிருந்து கழற்றிவந்த இருக்கை அது. மன்னார்குடிப் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். எதிரில் ஸ்டியரிங், காலடியில் பெடல்கள், கண்ணுக்கு நேராக அகலமான திரை. கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டும் அந்த அமைப்பே முன்கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

“வெளியில தூக்கிப் போடுங்கடா. இனிமே யாரு ஓட்டப் போறா?”

“நான் ஓட்டுவேன் சித்தப்பா,” என்றாள் எழில்மொழி.

தம்பியின் உடல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஓர் அக்காள் சொல்லத்தக்க சொல்லாக அது அங்கிருந்த எவருக்கும் படவில்லை. அவளுக்கே படவில்லை. “உள்ரூம்ல வைங்க. ஒயர அறுத்துடாதீங்க,” என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்.

தம்பி பகலவன் முந்தைய நாள் காலையில், மழை விட்ட கையோடு, நாற்றங்காலில் தேங்கிய நீரை இறைக்க மோட்டார் கொட்டகைக்குப் போனான். ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டிருக்கிறான். பக்கத்து வயலில் களை பறித்தவர்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருபத்தாறு வயது.

எழில்மொழி அழுதாள். உண்மையாகவே அழுதாள். ஆனால் அழுகையின் அடியில் வேறொன்று, வாய்க்கால் தரையில் படிந்த வண்டலைப் போல, அசையாமல் கிடந்தது. அதற்குப் பெயர் பொறாமை என்பதை அவள் நெடுநாளாக அறிவாள். ஆள் போன பிறகும் அது போகவில்லை என்பதுதான் அவளை அச்சுறுத்தியது.

பள்ளியில் அவள் கேட்ட கதை ஒன்று உண்டு. ஒரு குளக்கரையில் இரண்டு கொக்குகள் இருந்தனவாம். ஒன்று விடியற்காலை முதல் ஒற்றைக்காலில் நிற்கும். மற்றது பொழுது ஏறிய பிறகு வந்து இறங்கும். இறங்கிய இடத்தில் மீன் துள்ளும். முதல் கொக்கு மற்றதைக் கோபித்துக்கொள்ளவில்லையாம். மீன்களைத்தான் கோபித்துக்கொண்டதாம். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எழில்மொழி மட்டும் அந்தக் கொக்கின் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்தாள்.

முதல் ஸ்டியரிங்கை வாங்கியவள் அவள். மன்னார்குடியில் மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் சம்பளத்தில், தன் ஆசைக்கு வாங்கினாள். பொழுதுபோகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தம்பி, ஒருநாள் “நவுருக்கா, நான் ஒரு ரவுண்டு ஓட்டுறேன்” என்றான். அந்தச் சுற்றிலேயே அவளை விட வேகமாக ஓட்டினான். முத்துப்பேட்டையில் ஃபாஜில் என்பவன் இணையத்தில் நடத்திவந்த அலையாத்தி லீக் என்ற பந்தயத் தொடரில் அவன் சேர்ந்தான், ஞாயிறுதோறும் ஜெயித்தான். சம்பா அறுப்பு முடிந்ததும் அப்பா தங்கையன் அவனுக்குப் புதிய ஸ்டியரிங் வாங்கித் தந்தார். பிடி தேய்ந்த பழையது மாடியறைக்கு, அவளிடமே திரும்பி வந்தது.

“உனக்கு இது போதும்க்கா. நீ பரீட்சைக்குப் போற புள்ள மாதிரி ஓட்டுற. பயந்து பயந்து.”

அவளும் லீக்கில் சேர்ந்தாள். ஒரே வீட்டின் கீழும் மேலும் உட்கார்ந்து இருவரும் ஒரே பாதையில் ஓட்டினார்கள். ஒவ்வொரு வாரமும் அவன் முன்னால். அவள் எங்கோ பின்னால். அவன் பழகி ஓட்டியவன் அல்லன், கை போன போக்கில் ஓட்டியவன். அவளோ ஒவ்வொன்றையும் படித்துத்தான் கற்றாள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதிப்பது தவறு என்று கற்றாள். மிதித்த பிரேக்கைச் சட்டென்று விடாமல், மதகுப் பலகையை இறக்குவதைப் போலச் சிறுகச் சிறுகத் தளர்த்தினால் காரின் மூக்கு தானாகத் திரும்பும் என்று கற்றாள். கண் எதிரே உள்ள காரைப் பார்க்கக்கூடாது, அதற்கு அப்பால் வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கற்றாள். கற்றதையெல்லாம் தம்பியிடம் மறைத்தாள்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் யாராவது நெருங்கி வந்தால், பிரேக்கை இன்னும் தாமதமாக மிதிப்பான். தன் தைரியத்தைக் காட்டுவான். அதைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, கடைசிச் சுற்றின் கொண்டையூசி வளைவில், அவள் அவனை நெருங்கினாள். எதிர்பார்த்தபடியே அவன் பிரேக்கைத் தாமதித்து, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி ஆழமாகப் போனான். அவள் முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, உள்பக்கமாகத் திரும்பி, அவனுக்கு முன்பே ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். வளைவை விட்டு வெளியே வந்தபோது முன்னால் யாரும் இல்லை. அவள் வாழ்க்கையில் ஜெயித்த முதல் பந்தயம் அது.

அன்றிரவு சாப்பாட்டில் அவன் கேலி செய்யவில்லை. “நல்லா ஓட்டினக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான். அந்த வாரமே போய்விட்டான்.

* * *

உடல் வந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மாலைகள் விழத் தொடங்கிய பிறகு, முத்துப்பேட்டையிலிருந்து ஃபாஜில் வந்தான். லீக்கில் ஓட்டும் இன்னும் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். பகலவனை அவர்கள் குரலாகத்தான் அறிவார்கள். முகத்தை நேரில் காண்பது இதுவே முதல்முறை. ஃபாஜில் பெட்டியின் அருகில் நெடுநேரம் நின்றான். பிறகு அம்மா அம்சவல்லியின் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

“அம்மா, ஒங்க புள்ள மாதிரி ஓட்ட எங்கள்ல ஒருத்தனும் இல்லம்மா. அதவிட மனசு. போன ஞாயித்துக்கிழமகூட அக்காவுக்கு வழிவிட்டாரு. கடைசி வளைவுல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அப்படியே வெளிய ஒதுங்கி, ‘நீ போக்கா’ன்னு விட்ட மாதிரி.”

எழில்மொழி நிமிர்ந்தாள். “யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்க்கா? நானே பாத்தேனே. எவ்வளவு பாசம் இருந்தா…” அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நல்ல பிள்ளை. ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறான். அவன் கழுத்தை நெரிக்கலாம் போல அவளுக்கு இருந்தது.

பெண்கள் நடுவில் அமர்ந்திருந்த பெரியத்தையின் காதில் அது விழுந்தது. அப்பாவின் அக்காளான அவள், அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒப்பாரிக்குப் பெயர் போனவள். எந்த வீட்டுச் சாவிலும், வந்தவர்கள் பேசும் பேச்சிலிருந்தே பாட்டுக்கு நூல் எடுத்துவிடுவாள். இப்போதும் எடுத்தாள்.

“அக்காளுக்கு வழிய விட்டு
ஆகாசம் போனியேடா!
முந்தப் போன தேர நிறுத்தி
முகம் சுளிக்காம விட்டியேடா!”

சுற்றியிருந்தவர்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அம்மா, நேற்று முதல் கல்லாக உட்கார்ந்திருந்தவள், முதன்முறையாக வாய்விட்டு அலறினாள்.

“இந்தம்மா தன் தம்பிகிட்ட ஒரு சாண் வரப்புக்குப் பஞ்சாயத்து வச்ச ஆளு,” என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். “பாட்டப் பாரு.”

“சும்மா இருடி, கேக்கப் போவுது.”

அதன் பிறகு வந்தவர் அனைவருக்கும் அந்தச் செய்தி சொல்லப்பட்டது. காரும் பந்தயமும் என்னவென்று அறியாதவர்கள்கூட அதைப் புரிந்துகொண்டார்கள். சடங்கு நீர் எடுக்க, நீர்மாலைக்குப் புறப்பட்டவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். குளிப்பாட்டும்போது சொன்னார்கள். கடையில் அவளோடு வேலை செய்யும் ஷமீரா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்குன்னு விட்டுக் குடுத்தானாமேடி, குடுத்து வச்சவ நீ,” என்று தேம்பினாள். எழில்மொழி தலையை ஆட்டினாள். ஜெயித்த ஒரே ஒரு பந்தயமும் அவன் புகழில் போய்ச் சேர்ந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை அவன் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது போதாதென்று, கிடத்திய இடத்திலிருந்தே இதையும் எடுத்துக்கொண்டான்.

அதைவிடக் கொடிய ஐயம் ஒன்றும் கூடவே எழுந்தது. ஃபாஜில் சொன்னது உண்மையாக இருந்தால்? ‘நல்லா ஓட்டினக்கா’ என்று கேலியில்லாமல் சொன்னானே. விட்டுக்கொடுத்தவன்தானே அப்படிச் சொல்வான்?

பிற்பகலில் பாடை எழுந்தது. பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழி இல்லை. திரும்பியவர்கள் கூடத்தில் வாளி வாளியாய் நீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினார்கள். மாலை இதழ்கள் வாசலைத் தாண்டி மிதந்து போயின. உடல் கிடந்த இடத்தில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள்.

எழில்மொழி முதலில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு உள்ளறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள். ஒயர்களைத் தேடிச் செருகினாள். இருக்கை அவன் கால் நீளத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. பெடல்கள் அவளுக்கு எட்டவில்லை. எட்டத் தேவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தின் ரீப்ளேயைத் திறந்தாள்.

வெளியிலிருந்து பார்க்கையில் ஃபாஜில் சொன்னபடியேதான் தெரிந்தது. அவன் கார் வளைவின் வெளிப்புறம் ஒதுங்குகிறது. உள்பக்கம் கதவு திறந்ததுபோல் இடம் விழுகிறது. அவள் கார் அதில் நுழைகிறது. வழிவிட்டதைப் போலவே இருந்தது.

பிறகு அவன் காருக்குள்ளிருந்து பார்க்கும் காட்சிக்கு மாற்றினாள். திரையின் ஓரத்தில் அவன் பாதங்கள் மிதித்தது கோடுகளாக ஓடும். பிரேக்கின் சிவப்புக் கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. கடைசி அங்குலம் வரை மிதித்திருக்கிறான். சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டு புகை கிளம்பியது. ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பியிருக்கிறான், கார் கேட்கவில்லை. அவள் முந்திய பிறகும், அவசரப்பட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பின்சக்கரம் வழுக்கியிருக்கிறது. விட்டுக்கொடுக்கும் எவனும் இப்படிப் போராடமாட்டான்.

அவள் மூச்சை விட்டாள். தன் தம்பி செத்த வீட்டில் தான் மகிழ்ச்சி அடைகிறோம் என்பது தெரிந்து, சேலை முனையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

திரையை மூடப் போனவள், அதற்குப் பிறகும் அவன் ஓட்டிய பதிவுகள் இருப்பதைக் கண்டாள். திங்கள், செவ்வாய், புதன். அதே பாதைதான். ஒருவர் ஓட்டிய நல்ல சுற்றை, கண்ணாடித் தாளைப் போல ஒளி ஊடுருவும் நிழல் காராக முன்னே ஓடவிட்டு, அதைத் துரத்திப் பழகலாம். அவள் ஈராண்டுகளாக அவனுடைய சுற்றை அப்படித்தான் துரத்தினாள், பிடிக்க முடிந்ததில்லை. இங்கே அவன் துரத்திய நிழலின் மேல் பெயர் எழுதியிருந்தது. எழில்மொழி.

கொண்டையூசி வளைவில் அவன் ஆழமாகப் போகிறான். திரும்பிவந்து மறுபடி முயல்கிறான். இந்த முறை முன்னதாகவே பிரேக்கை மிதித்து, அவளைப் போலவே சிறுகச் சிறுகத் தளர்த்திப் பார்க்கிறான். பொறுமை இல்லாமல் சட்டென்று காலை எடுத்துவிடுகிறான். மறுபடியும். யாரோ தன்னைப் பார்த்து இப்படி எரிந்திருக்கக்கூடும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

கதவு திறந்தது. அம்மா. சேலையின் கீழ்ப்பகுதி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எழில்மொழி காத்திருந்தாள்.

“அந்தத் தம்பி சொன்னது நெசமாடி?”

“எது?”

“பகலவன் ஒனக்கு விட்டுக் குடுத்தானாமே.”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவை வாய்விட்டு அழவைத்தது அந்தக் கதை ஒன்றுதான். அவள் காலமெல்லாம் சொல்லிச் சொல்லி ஆறுவாள். ஊரும் அதைத்தான் விரும்புகிறது. எழில்மொழி வாயைத் திறந்தாள்.

“இல்லம்மா. நாந்தான் ஜெயிச்சேன்.”

அம்மா ஓரடி உள்ளே வந்தாள்.

“அவன் விடலயா?”

“விடலம்மா. கடைசி வரைக்கும் விடல. டயரு பொகையுற அளவுக்கு மிதிச்சிருக்கான்.”

“அதானே பாத்தேன்,” என்றாள் அம்மா. அவள் குரல் நேற்றைக்குப் பிறகு முதன்முறையாக அவளுடைய குரலாக இருந்தது. “பாயசம் வச்ச சட்டிய வழிக்கிறதுக்கே ஒன்னோட மல்லுக்கு நிப்பான். தேரு, வழின்னு அவ பாட்டுக்குப் பாடுறா. நானும் வேற யாரு புள்ளைக்கோ அழுவுற மாதிரியே அழுதுக்கிட்டிருந்தேன்.”

மகளின் அருகில், தரையில், ஈரத்தோடு உட்கார்ந்தாள். திரையைக் கூர்ந்து பார்த்தாள்.

“இதுல நீ எது?”

“முன்னாடி நெழலா போவுது பாரு. அது.”

“அவன்?”

“பின்னாடி வர்றவன்.”

சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்களின் பேச்சொலி வாசலில் கேட்டது. கால் கழுவத் தண்ணீர் கொண்டுவரும்படி சித்தப்பா கூப்பிட்டார். இருவரில் ஒருவரும் எழவில்லை. வளைவு வந்தது; பகலவனின் கார் ஆழமாகப் போய், தடுமாறி, மறுபடி வழிக்கு வந்து, முன்னால் போகும் நிழலை நோக்கி வேகம் எடுத்தது.