நாற்பத்திரண்டு நிறுத்தங்கள்

புதுப் பேருந்துகளில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லப்போவது தன் குரல்தான் என்று தெரிந்த நாளிலிருந்து மைக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. பேருந்து நிலையத்து விசாரணை ஜன்னலில் ஆறு வருடமாக வண்டி நேரம் அறிவிக்கிறவள் அவள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் மைக்குதான்.

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு. அன்று ஒரே நாள்தான். முடியாவிட்டால் வேறு குரல் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். செவ்வாயோடு அவளுக்கு இருமல் ஒன்பது நாள்.

அன்று போய்க் காட்டியபோது டாக்டரம்மா முதுகில் குழலை வைத்து, இழு, விடு என்று நாலைந்து இடத்தில் கேட்டார். காற்றுக்குழாய் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் ஒன்றும் இல்லை, இது வைரஸ் வேலை, ஆன்டிபயாடிக் அதன் கிட்டேகூடப் போகாது என்றார். மூன்று வாரம் வரை இழுக்குமாம். காய்ச்சல் அடித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரவேண்டுமாம்.

கூட வந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "போன தடவை எனக்கு மாத்திரை போட்ட மூணாம் நாளே இருமல் நின்னுச்சு டாக்டர்."

"இருமல் ஆரம்பிச்சு எத்தனாவது நாள் போட்டீங்க?"

அக்கா விரல்விட்டு எண்ணினாள். "பதினெட்டு."

"அது தானா நிக்கிற நேரம்மா. மாத்திரை கடைசில வந்து பேரைத் தட்டிக்கிட்டுப் போயிருக்கு."

வழியெல்லாம் அக்கா டாக்டரம்மாவைக் கரித்துக்கொட்டினாள். அவர்கள் வீட்டில் யாரும் ஒரு அட்டை மாத்திரையை முழுசாகத் தின்றதாகச் சரித்திரம் இல்லை. உடம்பு தேறியதும் மிச்சம் பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும். அக்கா அதைக் கவிழ்த்து, அத்தானின் கடைவாய்ப் பல்லுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக்கில் மிச்சமிருந்த ஆறைத் தேடி எடுத்தாள். மைக்கு முதலில் தலையாட்டி மறுத்தாள். பிறகு வெள்ளிக்கிழமை கண்முன் வந்து நின்றது. புதன் காலையிலிருந்து போட ஆரம்பித்தாள்.

வியாழன் மத்தியானம் வயிறு கலங்கிக் கொட்ட ஆரம்பித்தது. இருமல் மட்டும் இருந்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாத்திரையை நிறுத்து, உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் குடி என்றார்.

வெள்ளிக்கிழமை, கம்பளி ஒட்டிய சின்ன அறை. ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். முதலில் வரவேற்பு வாசகம். ஏழாவது வார்த்தையில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடியும் ஏழாவதில். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளரைக் கூப்பிடப்போகிறார் என்று அவளுக்குப் பட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. ஜன்னலிலும் இத்தனை நாளும் ஆறு வார்த்தைவரை இருமல் எட்டிப் பார்த்ததில்லையே. நிறுத்தத்தின் பெயரோ இரண்டு வார்த்தை.

"சார், ஒவ்வொண்ணா எடுக்கலாம். இருமி முடிச்சதும் கை காட்டுறேன், நீங்க அமுக்குங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு விரலைப் பொத்தானில் வைத்தார்.

இருமினாள். கை காட்டினாள். பழைய பாலம். இருமினாள், கை காட்டினாள். நூலக வாசல். தண்ணீர்த் தொட்டி. பத்து தாண்டியதும் இருவருக்கும் தாளம் பிடிபட்டுவிட்டது. அவள் கை எழும்பும் முன்பே அவர் விரல் தயாராக நின்றது. இருபத்தொன்பதாவதில் கையை வேறு மாதிரி ஆட்டிவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள்.

திரும்பியதும் கேட்டார், "இருமல் சரி, இது எதுக்கு?"

"எங்க அத்தான் பல்லுக்கு சார்."

கதையைக் கேட்டுச் சிரித்து முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நாற்பத்திரண்டும் முடிந்தது. வரவேற்பு வாசகத்தை நாலு துண்டாகச் சொல்லவைத்து, அவரே சேர்த்து ஒட்டிவிட்டார்.

முதல் வண்டி கிளம்பிய அன்று மைக்குக்கு இருமல் நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. தானாகத்தான் நின்றது. அக்காவோடு முன் சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். தலைக்கு மேலே அவள் குரல், தெளிவாக, யாரோ பெரிய மனுஷி மாதிரி, பழைய பாலம் என்றது. பின்சீட்டுக்காரர் எழுந்து இறங்கப்போனார். மைக்குக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

பக்கத்தில் அக்கா லொக்கு லொக்கென்று இருமினாள். கை நைசாகப் பைக்குள் போனது. மாத்திரை அட்டை சரசரத்தது.

"எத்தனாவது நாள்கா?"

"நாலு," என்றாள் அக்கா. மைக்கின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை இழுத்து மூடிவிட்டு, "சும்மா இருடி, அடுத்த ஸ்டாப்பைக் கேக்கவிடு" என்றாள்.