பதினோரு நிமிடம் எங்கே போனது

டாக்ஸி நிறுத்தத்திலிருந்து ஹோட்டல் வாசலுக்கு வந்து சேர மூன்று நிமிடம் போதும். நிறுத்தம் கேளிக்கைப் பூங்காவின் வாகனத் திடலுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி, செயற்கை ஏரியை ஒட்டி வளைந்து, இரண்டு வேகத்தடைகளைத் தாண்டினால் ஹோட்டல் வாசல். வழியில் சிக்னல் கிடையாது. மாட்டுவண்டியைப் போல ஓட்டினாலும் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

ஆனால் ஹோட்டலின் போக்குவரத்து மேலாளர் நீட்டிய காகிதத்தில் வேறு மாதிரி இருந்தது. விருந்தினர் காத்திருக்கும் சராசரி நேரம்: ஆப் கார் ஆறு நிமிடம், டாக்ஸி பதினான்கு நிமிடம்.

மீதிப் பதினோரு நிமிடம் எங்கே போனது என்று ஹாரன் அக்காவுக்குப் புரியவில்லை.

அந்த நிறுத்தத்தில் பதினெட்டு டாக்ஸிகள். அவற்றுக்குத் தலைமை அவள்தான். ஹாரன் என்பது அவள் குரலுக்கு வைத்த பெயர். கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொன்னால் முன்னால் போகும் லாரி ஒதுங்கிவிடும்.

"எங்க வண்டி பதினாலு நிமிஷம் எடுக்குதா? ஏரியில நீந்தியா வருது?" என்றாள்.

"நான் சொல்லலக்கா. காகிதம் சொல்லுது" என்றார் மேலாளர்.

"காகிதம் என்னைக்காவது கியர் போட்டிருக்கா?"

மேலாளர் கெட்டவர் இல்லை. முப்பது வயதுதான் இருக்கும். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். காத்திருக்கும் நேரத்தைப் பற்றி விருந்தினர்கள் எழுதிய புகார்கள் அவர் மேசையில் கட்டாகக் கிடந்தன. மெதுவாக வருகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தை ஆப் கார்களுக்குத் தருவதென்று முடிவாகியிருந்தது. "நிறுத்தத்தக் காலி பண்றோம்னு இந்தக் காகிதத்துல வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள எல்லாரும் கையெழுத்து போட்டுடுங்க. அப்புறம் நீங்க வெளி ரோட்டுல நின்னுக்கலாம்" என்றார்.

வெளி ரோடு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நாள் முழுக்கப் பூங்காவில் சுற்றிக் கால் ஓய்ந்தவர்கள் யாரும் டாக்ஸி தேடி அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். அங்கே போய் நிற்பதும் தொழிலை விடுவதும் ஒன்றுதான்.

"நான் போட மாட்டேன்."

"மத்தவங்க போட்டுட்டா நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க?"

"நான் மட்டும் நிப்பேன். ஒரு வண்டிய நகர்த்த எத்தனை பேர் வர்றீங்கன்னு பாக்கறேன்."

வீராப்பாகப் பேசிவிட்டு வந்தாளே தவிர, பதினோரு நிமிடம் மண்டையைக் குடைந்தது. நேரத்தை அளக்கும் முறை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஹோட்டல் வாசலில் தூணோடு ஒட்டி ஒரு சின்ன இயந்திரம் இருக்கிறது. வண்டிக்காக யார் வெளியே வந்தாலும், ஆப் காரோ டாக்ஸியோ, வாசல்காரர் அதிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். வந்த நேரம் அதில் அச்சாகியிருக்கும். வண்டியில் ஏறும்போது அதைத் திரும்ப வாங்கி இயந்திரத்தில் செருகுவார். ஏறும் நேரம் அச்சாகும். எந்த வண்டி என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் காத்திருந்த நேரம். டாக்ஸி வேண்டுமென்றால் அவர் ஒரு பொத்தானை அழுத்துவார். நிறுத்தத்தில் மணி அடிக்கும், வரிசையில் முதல் வண்டி கிளம்பும். எளிய ஏற்பாடு. கோளாறு வர அதில் இடமே இல்லை.

புதன்கிழமை காலை முழுக்க மணி அடித்த நொடியிலிருந்து வண்டி வாசலை அடையும் வரை கடிகாரம் பிடித்துப் பார்த்தாள். இரண்டே முக்கால், மூன்று, மூன்றேகால். இயந்திரத்தின் கடிகாரத்தையும் தன் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நொடி பிசகவில்லை. கடைசியில் வாசல்காரர் மேலேயே சந்தேகம் வந்தது.

"மணிய லேட்டா அடிக்கறீங்களாண்ணே?"

"டாக்ஸின்னு வாயத் திறந்ததும் அடிக்கறேம்மா. வேணும்னா என் விரலுக்கு ஒரு காவல் போடு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை வீட்டு வாசலில் தம்பி தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா டாக்ஸி, தம்பி ஆப் கார். ஒரே வீட்டின் கீழும் மேலும். இரண்டு வருடமாகக் காலைக் காப்பியோடு இந்தச் சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, மூட்டை கட்டியாச்சா? போன் இருக்கற ஊர்ல மணி அடிச்சுக் கூப்பிடறாங்களாம் மணி! உங்களுக்கெல்லாம் எப்பவோ ஓய்வு குடுத்திருக்கணும்."

"நட்சத்திரத்துக்காகப் பல்லைக் காட்டற பொழப்பு எனக்கு வேண்டாம்டா."

"நாலே முக்கால் நட்சத்திரம். அதுவும் உங்க ஹோட்டல் வாசலாலதான் குறைஞ்சுது. எனக்கு ராசியே இல்லாத வாசல். நேத்து மூணு தடவை போயி மூணு தடவையும் காலி வண்டியோட திரும்பினேன்."

"ஏன்?"

அதற்குள் அவன் போன் கூவியது. சோப்பு நுரையோடு கிளம்பிப் போய்விட்டான்.

மூன்று தடவை வந்து மூன்று தடவையும் காலியாக. ஆறு நிமிடத்தில் ஆளை ஏற்றுகிறவர்கள் எதற்குக் காலியாகத் திரும்ப வேண்டும்? இவ்வளவு நேரம் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. வண்டியை நிறுத்தத்தில் விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். தூணுக்குப் பக்கத்தில் நின்று, சீட்டு வாங்குகிற மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு ஒரு குடும்பம் வந்து சீட்டு வாங்கியது. அப்பாவின் கக்கத்தில் காற்றடைத்த டால்பின். தள்ளுவண்டியில் இரட்டைக் குழந்தைகள். நீர்ச்சறுக்கில் நனைந்து தலை காயாத ஒரு சிறுமி. அம்மா கையில் போன். "ரெண்டு நிமிஷத்துல வந்துடும்" என்றாள் அம்மா. சொன்னபடியே ஒரு வெள்ளைக் கார் ஏரி வளைவில் தலைகாட்டியது. வேகம் குறைந்தது. ஓட்டுநர் தள்ளுவண்டியைப் பார்த்தார். நிற்காமல் வளைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் போனில் பயணம் ரத்து என்று வந்தது.

இரண்டாவது கார் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. "குழந்தை சீட்டு வெச்சிருக்கீங்களா? இல்லையா? சாரி சார்."

சிறுமி டால்பின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இரட்டையரில் ஒன்று அழ, மற்றது துணைக்கு அழுதது. இரண்டு பதினைந்துக்கு மூன்றாவது கார் வந்து நின்றது. சக்கரத்தில் சோப்பு காய்ந்திருந்தது.

"நீ இங்க என்னக்கா பண்றே?"

"வேடிக்கை பாக்கறேன். ஏத்திக்கடா, பாவம்."

தம்பி இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினான். "அஞ்சு பேரையா? என் வண்டியில நாலு பேருக்குத்தான் அனுமதி. குழந்தை சீட்டும் இல்ல. ஒரு புகார் போனா என் கணக்கையே முடக்கிடுவாங்க."

"அப்ப எதுக்குடா வர்றேன்னு ஒத்துக்கறே?"

"எத்தனை பேரு, குழந்தை இருக்கா, ஒண்ணும் ஆப்புல காட்டாதுக்கா. நேர்ல வந்து பாத்தாதான் தெரியும். நான் மட்டுமா? இங்க வர்ற எல்லாரும் பாதி நேரம் இப்படித்தான் திரும்பறோம்." தலையைச் சொறிந்துகொண்டே ரத்து செய்துவிட்டுப் போனான்.

அம்மா வாசல்காரரிடம் திரும்பினாள். "ஒரு டாக்ஸி கூப்பிடுங்க." அவர் உடனே பொத்தானை அழுத்தினார். மூன்று நிமிடத்தில் டாக்ஸி வந்தது. ஏழு பேர் உட்காரும் வண்டி. நிறுத்தத்துக் கொட்டகையில் பதினெட்டு பேரும் சேர்ந்து வாங்கிப் போட்ட குழந்தை சீட்டுகள் வரிசையாக இருக்கும். முதல் வண்டி எப்போதும் அதில் மூன்றைப் பின்னால் போட்டுக்கொண்டுதான் நிற்கும். அது அவர்களுடைய பழக்கம். குழந்தைகளைத் தூக்கி ஏற்றும்போதே வாசல்காரர் சீட்டை இயந்திரத்தில் செருகினார். இரண்டு இருபது. டாக்ஸி என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

பதினான்கு நிமிடம்.

அக்கா கையைத் தட்டினாள். வாசல்காரர் திடுக்கிட்டார்.

"இந்தச் சீட்டுல மூணு நிமிஷம் எங்களோடது. பதினொண்ணு அவங்க மூணு பேரோடது. பேரு மட்டும் எங்களுக்கு!"

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் விஷயத்தின் அழகு. இயந்திரத்துக்கு இரண்டு நேரம்தான் தெரியும்: ஆள் வந்த நேரம், ஏறிய நேரம். நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. போன் கையிலேயே இருப்பதால் எல்லோரும் முதலில் ஆப்பைத்தான் அழுத்துகிறார்கள். பையோடு வரும் ஒற்றை ஆளும், சின்ன ஜோடியும் உடனே ஏறிப் போகிறார்கள். அந்த ஆறு நிமிடம் ஆப் கார் பெயரில் பதிவாகிறது. ஏற்ற முடியாதவர்களை விட்டுவிட்டுப் போகும் ஆப் கார்களுக்குச் சீட்டே இல்லை. ஆகவே அந்தத் தாமதம் அவர்கள் பெயரில் ஏறாது. கடைசியில் யார் ஏற்றுகிறார்களோ அவர்கள் தலையில் மொத்தமும் விழுகிறது. நிறுத்தத்தில் இருப்பவர்களுக்கு மணி மட்டும் கேட்கும். தம்பிக்குத் தன்னுடைய ரத்து மட்டும் தெரியும். வாசல்காரருக்குச் சீட்டின் இரண்டு முனைகள்.

நிறுத்தத்தில் விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்குக் கொதித்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டி, காலையில் கையெழுத்துப் போடப் பேனா தேடியவர், இப்போது எல்லோருக்கும் மேலே கத்தினார்.

"நாளைக்கு ஒரு வண்டியும் எடுக்க வேண்டாம்! வாசல்ல கூட்டம் சேரட்டும். அப்ப தெரியும் நம்ம அருமை."

"குழந்தைங்கள வெயில்ல நிக்க வெச்சுக் காட்டற அருமை எனக்கு வேண்டாம்" என்றாள் அக்கா. "வண்டி வழக்கம்போல ஓடும். எனக்கு ஒரு பேனா மட்டும் குடுங்க."

அன்று மாலையும் மறுநாள் காலையும் அவள் வாசலிலேயே நின்றாள். வாசல்காரர் டாக்ஸிக்குப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம், விருந்தினரின் சீட்டைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் அழுத்திய நேரத்தை எழுதினாள். மேலாளர் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா, அது நிறுவனத்தோட ஆவணம். அதுல கிறுக்கக் கூடாது."

"முன்பக்கம் நிறுவனத்தோடது. பின்பக்கம் காலியாத்தானே கிடக்கு?"

"காவலரைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. அவரும் வந்து ரெண்டு சீட்டுல எழுதட்டும். எனக்குக் கை வலிக்குது."

வாசல்காரர் இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார். பிறகு, மேலாளர் பார்க்கும்போதே, அடுத்த சீட்டில் தன் பேனாவால் நேரத்தை எழுதினார். பதினொரு வருட வேலை அவருக்கு. மேலாளர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் அலுவலகத்துக்குப் போய், கையெழுத்தில்லாத காகிதத்தை மேசையில் வைத்தாள். வாசல்காரரிடம் வாங்கிவந்த சீட்டுக்கட்டை அதன்மேல் போட்டாள்.

"எழுதினது நீங்க. நான் எப்படிக்கா நம்பறது?"

"நம்ப வேண்டாம். வந்து நில்லுங்க."

அவர் வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றார். ஏழு ஆப் கார்கள் வந்து காலியாகத் திரும்பின. சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரை விட்டுவிட்டு இரண்டு கார்கள் போயின. ஒரு தாய் பையைத் தேடுவதற்காகத் தன் கைக்குழந்தையை அவரிடம் நீட்ட, அவர் வாங்கி, எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் கோப்பு மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர்கள் டாக்ஸியில் ஏறியதும் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்துக் கணக்குப் போட்டார். மூன்று நிமிடம். முன்பக்கம் பதினாறு.

"எனக்கு வந்த புகார் எல்லாம் இந்த மாதிரி குடும்பங்க எழுதினதுதான்" என்றார் மெதுவாக. "உங்களத் தூக்கிட்டா இது குறையும்னு நினைச்சேன். ரெட்டிப்பாயிருக்கும்."

"இப்ப தெரிஞ்சுதா?"

"சரி, மேல பேசி ரெண்டு டாக்ஸிய மட்டும் உள்ள வெச்சுக்கலாம்..."

"ரெண்டா? இந்த நாப்பது நிமிஷத்துல எத்தனை தள்ளுவண்டி போச்சுன்னு எண்ணினீங்களா? பதினெட்டும் இருக்கும். இல்லன்னா இதே சீட்டுங்கள உங்க மேலிடத்து வாசல்ல கொண்டுபோய் நானே படிச்சுக் காட்டுவேன். மைக் வேண்டாம். என் பேரு தெரியுமில்ல?"

மேலாளர் சிரிக்கக் கூடாதென்று பார்த்தார்; முடியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிக்கா. பதினெட்டு. ஆனா இந்தப் பதினோரு நிமிஷம்? அது உங்களோடதா இல்லாட்டியும் விருந்தினருங்க நிக்கத்தானே செய்யறாங்க?"

"அதுக்கு வழி இருக்கு. ஆப் கார் நேர்ல வந்து பாக்கறத, வாசல்காரரு முன்னாடியே கேட்டுட்டா போதும்."

திங்கட்கிழமையிலிருந்து வாசலில் நடப்பது இதுதான். சீட்டைக் கிழிப்பதற்கு முன்பே வாசல்காரர் இரண்டு கேள்வி கேட்கிறார்: எத்தனை பேர், குழந்தை சீட்டோ சக்கர நாற்காலிக்கு இடமோ வேண்டுமா? நான்கு பேருக்கு மேல் இருந்தாலோ, இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றாலோ, அவர்கள் போனை எடுப்பதற்குள் பொத்தானை அழுத்திவிடுகிறார். மற்றவர்களை ஏரிப் பக்கம் இருக்கும் ஆப் கார் இடத்துக்கு அனுப்புகிறார். சீட்டில் இப்போது மூன்று நேரம் அச்சாகிறது: வந்தது, வண்டியைக் கூப்பிட்டது, ஏறியது. தள்ளுவண்டியோடு வரும் குடும்பம் நான்கு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறது.