மிஞ்ச வைத்த துணி

வெயில் சாய்ந்து, கூரை நிழல்கள் எதிர்ச்சுவரில் ஏறத் தொடங்கும் அந்தியில், தச்சரின் உளியோசை ஓய்ந்து, அடுமனையின் சூட்டுமணம் எழுந்து, தையற்கடையின் விளக்கு ஒளிரும் சிறுதெரு ஒன்றை, அன்புடையீர், உள்ளத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தெருமுனையின் பலகை மேடையில் பாவைக்கூத்தன் ஒருவன் நாள்தோறும் நூலிழுத்து மரப்பாவைகளை ஆட்டுவிப்பான். கண்டு கலைவோருள் ஒருவர் அடுமனைக்குள் நுழைவார். ஒருவர் முக்காலிக்கு விலை கேட்பார். ஒருவர் கிழிந்த சட்டையைத் தையற்காரியிடம் நீட்டுவார். தெருவின் பிழைப்பே அவன் விரல்நுனியில் ஆடிற்று. அதை அறியாதவன் அவன் ஒருவனே.

தச்சர் தந்த துண்டு மரத்தில் உடலும், தையற்காரியான தன் தமக்கை தந்த மிச்சத் துணியில் உடையும் அமைத்து வந்த அவன், பிறர் கழித்ததில் பிழைக்கிறோமே என்று நாணி, எவருக்கும் சுமையாகாதிருக்க எண்ணி, பாவைகளை ஒன்றைவிட ஒன்று சிறிதாகச் செதுக்கலானான். விரலளவுப் பாவையைப் பின்வரிசையினர் எங்ஙனம் காண்பர்? கூட்டம் மெலிந்தது, கூடவே தெருவின் விற்பனையும் மெலிந்தது. தன் கலையே வற்றிற்றென்று தவறாக முடிவுகட்டிய அப்பேதை, வெளியூர்க் கிடங்கில் மூட்டை கட்டும் வேலைக்கு ஒப்பி, முதற்கண் தன் மூட்டையைக் கட்டினான். தமக்கை கடைசியாகத் தந்த துணிப்பொதியைத் திருப்பிக் கொடுத்து விடைபெற, அம்மூட்டையோடு தையற்கடை சென்றான்.

வெட்டுமேசையில் மேற்சட்டைத் துணி ஒன்று விரிந்து கிடந்தது. முதுகும் கையும் கழுத்துப்பட்டியும் சுண்ணக்கோட்டால் வரையப்பட்டிருக்க, அவற்றை நெருக்கி நெருக்கி ஒதுக்கிய நடுவிடத்தில், சின்னஞ்சிறு சட்டையொன்றும் முழுதாக வரையப்பட்டிருந்தது.

"என்னக்கா இது? வெட்டினதுல மிஞ்சுறதைத்தானே எனக்குத் தருவே?"

"தானா மிஞ்சினா கோணல்மாணலாத்தான்டா மிஞ்சும். உன் பொம்மைக்கு ஆகுற மாதிரி நான்தான் மிஞ்ச வைக்கிறேன். மொதல்ல உன் சட்டை, அப்புறம்தான் வந்தவங்க சட்டை."

"எதுக்குக்கா இவ்வளவு பாடு?"

"உன் ஆட்டம் பார்க்க வர்றவங்கதானே என் கடைப்படி ஏறுறாங்க! தச்சர் மட்டும் என்ன, நல்ல மரத்தைத்தான் துண்டுன்னு சொல்லித் தர்றாரு. உண்மையைச் சொன்னா ரோஷக்காரன் நீ வாங்க மாட்டே. அதான் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தோம்."

அவன் கண் நிறைந்தது. அவள் பார்வை அவன் காலடியில் இருந்த மூட்டைக்குத் தாழ்ந்தது.

"மூட்டை எதுக்குடா?"

"ஒண்ணுமில்லக்கா. துவைக்கப் போடணும்," என்று அதைக் குதிகாலால் பின்னே தள்ளினான்.

சில நாள் கழித்து, இடுப்பளவு உயர்ந்த பாவையொன்றைத் தோளில் சுமந்து அவன் கடைக்குள் வந்தான்.

"அடப்பாவி! இதுக்கு எந்த யானையோட சட்டையிலடா மிச்சம் பிடிக்கிறது?" என்றாள் தமக்கை, அவள் கையோ அதற்குள்ளாகவே சுண்ணக்கட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

அன்றுமுதல் பின்வரிசையில் எவரும் எக்கிப் பார்க்கவில்லை. தன்னைச் சிறிதாக்கிக்கொண்ட ஒருவனைப் பெரிதாகவே அளந்து வைத்திருந்த அத்தெரு, அந்திதோறும் தன் விளக்குகளை ஏற்றிக்கொண்டது.