செங்குளம் விலக்கு

"யோவ் கண்டக்டரு, விலக்குல ஆளு நிக்கிது! விசிலக் குடுய்யா!"

மாரிக்கனி போட்ட சத்தத்தில் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டார். கண்டக்டர் மட்டும் அசையவில்லை. ஊருக்குள் ரோடு பிரிகிற செங்குளம் விலக்கைத் தாண்டி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. பச்சைச் சேலையில் கனகலட்சுமி கையை ஆட்டியபடி நாலடி ஓடிவந்து நின்றுவிட்டது, பின்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

"ஏற்கெனவே லேட்டும்மா. காலையில இருக்கிறதே இந்த ஒரு வண்டி. விலக்குக்கு விலக்கு நிப்பாட்டினா என்னைக்கு அருப்புக்கோட்டை போய்ச் சேர?"

"ஒத்த ஆளு ஏற எம்புட்டு நேரமாகும்?"

"ஓசி டிக்கெட்டுக்கு வாயப் பாரு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"ஓசின்னா நின்ன எடத்துலயே நிக்க வைக்கணுமோ? உங்க வீட்டுப் பொம்பளையும் இதுலதான வாராக?" என்று திருப்பிக் கொடுத்தாள் மாரிக்கனி.

மடியிலிருந்த மஞ்சள் பையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், மகள் சத்யபிரியாவின் கல்யாணப் பத்திரிகை. கனகலட்சுமி அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த பஸ்ஸிலேயே அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். இருவரும் போனில் பேசி வைத்துக்கொண்டுதான் இன்றைக்குக் கிளம்பியதே.

பஸ்ஸில் வைத்துப் பத்திரிகை கொடுக்கிறவர்கள் உண்டா என்று கேட்டால், இவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

மாரிக்கனி டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. கனகலட்சுமிக்கு அதே டவுனில் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு வேலை. சத்யபிரியா வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே காலை வண்டியில் இருவரும் ஒரே சீட்டு. அப்போதெல்லாம் டிரைவர் தனுஷ்கோடி, கண்டக்டர் பால்ச்சாமி. தன் ஊரான எம்.ரெட்டியபட்டியில் ஏறியதும் மாரிக்கனி சோற்றுப் பையைப் போட்டுப் பக்கத்து இடத்தைப் பிடித்து வைப்பாள். செங்குளம் விலக்கில் கனகலட்சுமி நிற்காவிட்டால், பஸ் நிற்கும்.

"அந்தா வாராக, அந்தா வாராக!" என்று மாரிக்கனி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்வாள்.

"வாராகளா, பவனி வாராகளா?" என்று தனுஷ்கோடி முணுமுணுப்பார். ஆனால் வண்டியை எடுக்க மாட்டார். ஈரத் தலையை முடிந்துகொண்டே கனகலட்சுமி ஓடிவந்து ஏறுவாள். மொத்த பஸ்ஸும் சிரிக்கும்.

அப்புறம் மதியச் சோற்றுக்கு வெஞ்சனம் மாற்றுகிற படலம். கனகலட்சுமியின் புருஷன் ஜெகதீஸ்வரனுக்குக் கருவாட்டு வாசமே ஆகாது, வீட்டில் சமைக்க முடியாது. அதனால் மாரிக்கனியின் கருவாட்டுத் தொக்கு அக்காவின் பைக்குள் போகும். அக்கா வீட்டு அவரைக்காய் இவளிடம் வரும். சத்யபிரியா கணக்கில் தோற்றபோது மாரிக்கனி அழுததும், மாமியார் பேசிய பேச்சுக்குக் கனகலட்சுமி அழுததும் அதே சீட்டில்தான்.

இத்தனைக்கும் ஒருத்தி வீட்டு வாசலை இன்னொருத்தி மிதித்ததில்லை. மாரிக்கனியின் அம்மா செங்குளத்துக் காடுகளில் களையெடுத்து, பெரிய வீடுகளின் பின்வாசலில் நின்று கூலி வாங்கியவள். பஸ்ஸில் அந்தக் கதையே இல்லை. முன்வாசலில் ஏறினாலும் பின்வாசலில் ஏறினாலும் உட்காருகிற சீட்டு ஒன்றுதான்.

கொரோனாவில் நின்ற அந்தக் காலை டிரிப் திரும்பவே இல்லை. மிச்சமிருந்த வண்டிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இப்போதிருக்கிற ஒரே காலை வண்டி வேலை நேரத்துக்கு உதவாது. மாரிக்கனி ஷேர் ஆட்டோவுக்கு மாறினாள். கனகலட்சுமி புருஷனின் பைக்கில் போக ஆரம்பித்தாள். தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு தீபாவளி, பொங்கல் என்று ஆகிப்போனது.

அடுத்த நிறுத்தத்தில் மாரிக்கனி இறங்கிக்கொண்டாள். எதிரே வந்த ஷேர் ஆட்டோவைப் பிடித்து விலக்குக்குத் திரும்பினாள். அங்கே யாருமில்லை. ஒரு நிமிஷம் நின்று யோசித்தவள், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமில்லை. பச்சை கேட், வாசலில் டிராக்டர் என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கேட் திறந்துதான் கிடந்தது. மாரிக்கனியின் கால்தான் அதைத் தாண்டவில்லை.

"அம்மா" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இத்தனை வருஷமும் 'யக்கா' என்று கூப்பிட்ட வாய் அது.

கனகலட்சுமி வெளியே வந்தாள். முகத்தில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. உள்ளே டிவி சத்தத்துக்கு நடுவே, "யாரு அது?" என்று ஜெகதீஸ்வரனின் குரல் கேட்டது.

"யாரோ வழி கேக்குறாக" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கனகலட்சுமி செருப்பை மாட்டினாள். "வா மாரி, ரோட்டுப் பக்கம் போவோம்."

இருவரும் விலக்குக்கு நடந்தார்கள். நிழற்குடையின் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்ததும் கனகலட்சுமிதான் ஆரம்பித்தாள்.

"எப்படி ஓடினேன் பாத்தியா? பால்ச்சாமி அண்ணனா இருந்தா வண்டிய விட்டு எறங்கி வந்து கூட்டிட்டுப் போயிருப்பாரு."

"ஆமா. அவுக காலம் போச்சு."

மாரிக்கனி தட்டு கொண்டுவரவில்லை. மஞ்சள் பையையே விரித்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பத்திரிகையை மேலே வைத்து நீட்டினாள். கனகலட்சுமி எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள். குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டாள். மணமகள் பெயரைத் தடவிப் பார்த்தாள்.

"பொறக்கிறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்ச பிள்ளை" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா எப்படி மாரி வாரது? மண்டபம் டவுனுல. முகூர்த்தம் விடியக்காலையில. பஸ்ஸுதான் இல்லையே."

அது நிஜம்தான். பஸ் இல்லைதான். ஆனால் அக்கா பஸ்ஸை மட்டும் சொல்லவில்லை என்பது மாரிக்கனிக்குத் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். போனிலாவது அக்கா மிஞ்சுவாள். இப்போது வாயைத் திறந்தால் அதுவும் போனாலும் போகும்.

திறந்துவிட்டாள்.

"எங்க தெரு சனத்த ஏத்திக்கிட்டு வேன் வருதுக்கா. இந்த வழியாத்தான். ஒங்க வீட்டு வாசல்லயே நிப்பாட்டச் சொல்றேன். ஏறிக்கிருவீகளா?"

ஒரு லாரி போனது. இரண்டு பைக்குகள் போயின. கனகலட்சுமி முந்தானை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"வாசலுக்கு வேண்டாம்டி" என்றாள் கடைசியில். "நான் விலக்குல வந்து நிக்கிறேன்."

"சரிக்கா" என்று மாரிக்கனி எழுந்தாள். இவ்வளவாவது கிடைத்ததே என்றிருந்தது. இவ்வளவுதானா என்றும் இருந்தது. ரோட்டில் ஷேர் ஆட்டோ வருவதைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

அவள் ஏறி உட்காரும்போது கனகலட்சுமி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. வாசலுக்கே வரச் சொல்லு" என்றாள். "அவரு கேட்டா நான் பேசிக்கிறேன். வேன்காரன் நல்லா ஹாரன் அடிக்கட்டும். தெருவுக்கே கேக்கட்டும்."

"யம்மா, வண்டிய எடுக்கவா, வேண்டாமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"சும்மா இருய்யா, பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றார்கள் இருவரும்.