நிழல் விழும் பக்கம்

எழுந்தேன். பல் தேய்த்தேன். மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் நிறுத்தினேன். நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்து, தேறும் என்று போட்டுக்கொண்டேன். ரொட்டியை நின்றபடியே தின்றேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அலுவலகம் போனேன். மனைவி இறந்தபின் எல்லாக் காலையும் இதுதான்.

உலகப்போர்க் காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து, கடற்கரையில் அன்று என்ன இருந்தது என்று வரைபடம் போடுகிறோம். கரை நெடுகப் பீரங்கிகள் இருந்தனவாம். போர் முடிந்ததும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிச்சத்தை மணல் மூடியது. மனைவிக்கும் இதே அலுவலகம்தான்; படத்தைப் பார்த்து எது என்ன என்று சொல்வது அவள் வேலை. அளந்து இன்றைய வரைபடத்தில் குறிப்பது என் வேலை.

அவள் கடைசியாகப் பார்த்த படத்தில் பிறை வடிவில் நான்கு வட்டங்கள். பீரங்கிக் குழிகள் என்றாள். மேலதிகாரி மணல்மேடு என்றார். எதையும் முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு முத்திரை என்றே பெயர். வாதம் முடியுமுன் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை.

இப்போது அங்கே சாலை வருகிறது. தார் விழுந்துவிட்டால் யாரும் தோண்டிப் பார்க்க முடியாது. அவள் சொன்னது அழிந்து, மணல்மேடு என்றே நிலைத்துவிடும்.

படத்தை முத்திரையின் மேசையில் வைத்தேன்.

"மறுபடியும் முதல்லேருந்தா தம்பி? மேடு புடைச்சுக்கிட்டுத் தெரியுது, பாரு."

படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன்.

"வடக்கு மேல இருக்கணும்யா. காலேஜ்ல சொல்லித் தரலையா?"

"வரைபடத்துக்குத்தான் சார் வடக்கு. இதுக்கு நிழல். நிழல் நம்ம பக்கம் விழற மாதிரி வெச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் விழுந்தா கண்ணு ஏமாந்துடும், பள்ளம் மேடாத் தெரியும். அவ எப்பவும் இப்படித்தான் வெப்பா."

குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"மேடு பள்ளமா இறங்கிடுச்சே," என்றார் மெதுவாக. உடனே சுதாரித்துக்கொண்டார். "கண்ணு சொன்னா போதாது, கான்கிரீட்டைக் காட்டு. ஒரு நாள் தர்றேன். சாலைக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்."

பொக்லைன் ஓட்டியது என் மச்சான், அவளுடைய தம்பி. கரையே இடம் மாறியிருந்தது. படத்திலும் இருந்து இன்றும் நிற்பவை கலங்கரை விளக்கும் ரயில் பாலமும்தான். அவற்றிலிருந்து அளந்து கொடி நட்டிருந்தேன். தோண்டினான். மணல். மேலும் மணல்.

"மச்சான், கிணறு வெட்டவா கூப்ட்டீங்க?"

"பேசாம தோண்டுடா."

"அக்கா ஆயுசுல பண்ணின ஒரே தப்பு நீங்கதான். இதுல தப்பா சொல்லியிருக்க மாட்டா. நீங்கதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்க."

படத்தை மறுபடி எடுத்தேன். கோட்டை விட்டுத்தான் இருந்தேன். வான்படத்தில் உயரமானவை சாய்ந்து தெரியும். கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து அளந்திருக்கிறேன். அடியிலிருந்து அளக்க வேண்டும். கொடியைப் பிடுங்கி, ரயில் பாலத்தின் பக்கமாகத் தள்ளி நட்டேன்.

மச்சான் இரண்டாம் குழியைப் பாதி தோண்டும்போது பொக்லைனின் இரும்புப் பல் கரகரவென்று உரசியது. எந்திரத்தை நிறுத்தினான். இருவரும் குதித்துக் கையால் மணலைத் தள்ளினோம். வட்டமான கான்கிரீட். நடுவில் வளையமாகத் துருப்பிடித்த போல்ட்டுகள், பீரங்கியை இறுக்கிப் பிடித்திருந்தவை.

மற்ற மூன்றையும் தேடவே வேண்டியிருக்கவில்லை. படத்தில் இருந்தபடியே வரிசையாக வந்தன. சாலை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். நான்காவதற்குக் கை தட்டினார்கள்.

செய்தி கேட்டு வந்த முத்திரை ஷூவைக் கழற்றினார். பேன்ட்டை மடித்துவிட்டுக் குழிக்குள் சறுக்கி இறங்கி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"தோத்துட்டேன்யா," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "சாலையை வளைக்கச் சொல்லிடலாம். வரைபடத்துல அந்தப் பொண்ணு பேரைப் போடு. நானே குத்தறேன்."

போனை எடுத்து அவர் முகத்தைப் படம் பிடித்தேன்.

"என்னை எதுக்கு எடுக்கற? குழியை எடு."

"குழி எங்கயும் ஓடிடாது சார்."

மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா கடைசியா அப்பாவைப் பாத்துக்கச் சொன்னான்னீங்களே. அது அவ பேசற மாதிரியே இல்லையே மச்சான்."

இல்லைதான். மாமனாருக்காக நான் இட்டுக்கட்டியது அது. அறுவைச் சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கழுத்தைத் திருப்பி அவள் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

"முத்திரை ஒத்துக்கறப்ப அந்த மூஞ்சியை ஒரு போட்டோ எடுத்து வை. நான் வந்து பாத்துக்கறேன்."