பாதியில் விட்ட சொல்

செத்துக் கிடந்த மனைவி வியாகுலத்தின் தாடையைக் கட்ட ததேயுஸ் தன் தலைத்துண்டைத்தான் கிழித்தான். வேறு துணி வீட்டில் இருந்தது. தேடி எடுப்பதற்குள் வாய் திறந்தபடியே விறைத்துப்போகும். மோவாய்க்கு அடியில் கொடுத்து, காதோரமாக மேலே இழுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டான். கட்டுமரம் கட்டிப் பழகிய கை, அதே பலத்தில் இழுத்துவிட்டது.

“பைய இழு, ததேயு. மரமா கெட்டுத?” என்றாள் இன்னாசியம்மாள். அவன் அண்ணன் மனைவி. பக்கத்துக் குடிசை. வியாகுலமும் அவளும் பன்னிரண்டு வருசமாக ஒன்றாக மீன் சுமந்து கோட்டாற்றுச் சந்தைக்கு நடந்தவர்கள்.

அவன் முடிச்சைத் தளர்த்தினான். வியாகுலத்தின் முகத்தில் அம்மைத் தழும்புகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. கன்னம் வற்றிப்போனதால் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக நின்றது. அந்த அம்மை அவளை விட்டுவிட்டது. மூன்று வயது மகனைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

விடியும்போதுதான் அவள் கடைசியாகப் பேசினாள். ஒன்றரை மாதமாக நிற்காத இருமல் நின்றிருந்தது. அதுவே நல்லதற்கில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

“கேட்டியளா, நான் போன பொறவாவது சொல்லிருங்க.”

“என்னத்த?”

“உமக்குத் தெரியும். அது நான்தாம்னு.”

“சொல்லுதேன்.”

“மண்ணு தள்ளுததுக்கு முந்தி,” என்றாள். அவன் தலையாட்டினான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு அடக்கம். துறையில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போவதில்லை. கட்டுமரங்களெல்லாம் கரையில் கிடந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்த ஆடிக்காற்று மணலை வாரி ஓலைச்சுவரில் அடித்தது. ஆண்கள் வெளியே தென்னைமரத்தடியில் குந்தியிருந்தார்கள். பெண்கள் பிணத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இன்னாசியம்மாளைப் பார்த்தார்கள்.

இன்னாசியம்மாள் இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். தொடங்கினாள். மூன்றாவது சொல்லில் குரல் பிசிறிக்கொண்டு நின்றது.

“எனக்கு வரல்லட்டி,” என்றாள். “நான் என்னைக்கு எடுத்துக் குடுத்தேன்? பின்னால வாங்கித்தான பாடியிருக்கேன்.”

அந்தத் துறையின் புலம்பலுக்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். இரண்டடிக்கு ஒரு தடவை கடைசிச் சொல்லைப் பாதியில் விட்டுவிடுவாள். மற்றவர்கள் அந்தப் பாதியை வாங்கி முடிப்பார்கள். அவள் “மக” என்று நிறுத்தினால் இவர்கள் “னே” என்று இழுப்பார்கள். துக்கத்தை ஒருத்தி மட்டும் சுமக்கக் கூடாது என்பதற்காக வைத்த முறை என்று சொல்வார்கள். பக்கத்துத் துறைகளில்கூட இப்படிக் கிடையாது. பன்னிரண்டு வருசமாக இங்கே எந்த வீட்டில் சாவு என்றாலும் எடுத்துக் கொடுத்தவள் வியாகுலம். இன்று அவள் தாடை கட்டிக் கிடந்தாள்.

கோயில் உபதேசியார் வாசலில் வந்து நின்றார். “பாட்டு இல்லாம இந்தத் துறையில சவப்பெட்டி எடுத்ததில்ல, கேட்டியளா? ஆராவது தொடங்குங்க.”

ஒருவரும் தொடங்கவில்லை. ஈக்கள் மட்டும் சத்தம் போட்டன.

அப்போதுதான் ஜேசுதாஸ் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். கொழும்புக்குக் கருவாடு ஏற்றுகிற வியாபாரி. துறையிலேயே ஓட்டுவீடு உள்ளவர் அவர் ஒருவர்தான். “என்னத்துக்குத் தவிச்சிட்டு இருக்கிய? நம்ம பாட்டுப்பெட்டி இருக்குல்லா? சொர்ணகாந்தி பாடின மாதா புலம்பல் பிளேட்டு இருக்கு. அத வச்சா ஊரே அழும்.”

உபதேசியார் கொஞ்சம் யோசித்தார். “மாதா பாட்டுதான. வையும்.”

இரண்டு பேர் பாட்டுப்பெட்டியை எடுத்துவர ஓடினார்கள்.

அந்தப் பிளேட்டு உருவானது நாலு வருசத்துக்கு முன்னால். கோட்டாற்றில் ஒரு சாவு வீட்டில் வியாகுலம் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாடியதை, நாடகக் கம்பெனி ஆர்மோனியக்காரர் தாணுலிங்கம் கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே அவளைக் கூட்டிவர ஆள் விட்டார். நாகர்கோவிலில் ஒரு பங்களாவில் பிளேட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. ததேயுஸ் கூடப் போயிருந்தான். நாடகக்காரி சொர்ணகாந்தி முதலில் பாடிப் பார்த்தாள். குரல் பதிகிற மெழுகுத்தட்டு இரண்டு வீணானது. கடைசியில் அவளே எழுந்து வந்து வியாகுலத்தின் கையைப் பிடித்துத் தான் பாடிய இடத்தில் நிறுத்தினாள்.

வியாகுலம் பாடினாள். மாதா மகனை மடியில் வாங்கிக்கொண்டு அழுகிற பாட்டு. “மக” என்று நிறுத்தினாள். கம்பெனிக்காரர் கையைக் காட்டினார். ஏன் நிறுத்துகிறாள், முழுச் சொல்லையும் பாடச் சொல்லுங்கள் என்றார். அவளும் முயன்று பார்த்தாள். வரவில்லை. பாதியில் விட்டே பழகியவள். “இருக்கட்டும், அந்த எடத்த நான் ஆர்மோனியத்தால நெரப்புதேன்,” என்றார் தாணுலிங்கம்.

பாட்டு முடிந்ததும் படம் எடுக்கிறவர் வந்தார். சொர்ணகாந்தியின் தலையில் வெள்ளைத் துணியைப் போட்டு, கண்ணை மேலே தூக்கச் சொன்னார். வியாகுலம் ஆசையாகப் பக்கத்தில் நின்று பார்த்தாள். “அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நெழலு விழுது,” என்றார் அவர். அவள் தள்ளி நின்றாள்.

பிளேட்டில் யார் பெயர் போடுவீர்கள் என்று ததேயுஸ்தான் கேட்டான். கம்பெனிக்காரர் வியாகுலத்தின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். “கொரல காது கேக்கும்வே. பிளேட்ட வாங்குதது கண்ணுல்லா,” என்றார்.

அதைக் கேட்டு ததேயுஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதிதான் வந்தது. ஒரு சேலையும் வண்டிக்கூலியும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சுசீந்திரம் தாண்டியதும், “இது நமக்குள்ள கெடக்கட்டு. துறையில தெரிஞ்சா கூத்தாடிச்சிம்பான்,” என்றான்.

“நான் என்ன ஆடவா செஞ்சேன்?” என்று அவள் சிரித்தாள். அன்று அவளுக்குச் சிரிக்க முடிந்தது.

மறுவருசம் பெரிய வெள்ளிக்கு ஜேசுதாஸ் கொழும்பிலிருந்து பெட்டியும் அந்தப் பிளேட்டும் கொண்டுவந்தார். துறை முழுக்க அவர் முற்றத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, கோயிலில் இருப்பதுபோலக் கேட்டது. பிளேட்டு உறையில் அச்சடித்திருந்த படம் கைமாறிக் கைமாறிப் போனது. மாதாவே வந்து பாடினமாதிரி இருக்கு என்றார்கள். “சொல்லப் பாதியில விடுதா பாத்தியளா?” என்றார் ஜேசுதாஸ். “கொழும்புல எல்லாவனும் இப்ப இப்படித்தான் பாடிப் பாக்கான். சொர்ணகாந்தி பாணின்னு இதுக்குப் பேரு.”

இன்னாசியம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். “ததேயு, இது நம்ம வியாகுலம் கொரலு மாதிரில்லா இருக்கு?”

கூட்டம் முழுவதும் அவனைப் பார்த்தது. வியாகுலமும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அவன் சொல்லிவிடுவான் என்று.

“சும்மா கெட மைனி,” என்றான் அவன். “எம் பொண்டாட்டி என்ன கூத்தாடியா?”

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ, “அந்த மூஞ்சியப் பாத்தா பிளேட்டு கீறிரும்லே,” என்றான். அதற்கும் சிரித்தார்கள். ததேயுஸும் சிரித்தான்.

அதன்பிறகும் அவள் சாவு வீடுகளில் எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் மட்டும், வலைப் பொத்தல் தைக்கும்போது முனகுகிற முனகல் நின்றுபோனது. அவன் அதைக் கவனித்தான். கேட்கவில்லை.

பாட்டுப்பெட்டி வந்துவிட்டது. பிணத்தின் தலைமாட்டில் முக்காலி போட்டு வைத்தார்கள். உறையிலிருந்து பிளேட்டை எடுத்ததும், வெளியே குந்தியிருந்தவர்களில் ஐந்தாறு பேர் எழுந்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பிணத்தைப் பார்க்க வரவில்லை. படத்தைப் பார்க்க வந்தார்கள்.

ததேயுஸ் எழுந்தான். “ஜேசுதாஸண்ணே.”

“என்ன மக்கா?”

“அந்தப் பாட்டு.” பிளேட்டைக் காட்டினான். “அது வியாகுலம் பாடினது. சொர்ணகாந்தி இல்ல. நான் கூட இருந்தேன், நாகருகோயில்ல.”

ஜேசுதாஸ் அவன் தோளில் கையை வைத்தார். அவர் குரலில் கேலி இல்லை. இரக்கம் இருந்தது.

“இரி மக்கா. ராத்திரி முழுக்க ஒறங்கல்லல்லா?”

“சத்தியமாட்டு அண்ணே. மாதாவாணை.”

“ஆணை எல்லாம் இடாத. இன்னா பாரு,” என்று உறையைக் காட்டினார். “எழுதியிருக்குல்லா? சொர்ணகாந்தி. படம் இருக்குல்லா? இதுக்கும் நம்ம வியாகுலத்துக்கும்...” பிணத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். “பாவம், அவளும் நல்லாத்தான் பாடுவா. நம்ம துறைக்கு அது போதும்.”

“அண்ணைக்கு நீதானலே இல்லைன்னு சொன்ன?” என்றான் வாசலில் நின்றவன் ஒருவன். “இண்ணைக்கு ஆமான்னா எத நம்பியது?”

“இவனுக்குக் கொஞ்சம் வெள்ளம் குடுங்கட்டி,” என்றார் உபதேசியார். யாரோ செம்பை நீட்டினார்கள். வாங்கினான். குடிக்கவில்லை.

ஜேசுதாஸ் கைப்பிடியைச் சுற்றி முள்ளை வைத்தார். முதலில் மணல் உரசுகிற சத்தம். பிறகு ஆர்மோனியம். பிறகு அவள்.

*மூணாணி தாங்கினியே முள்முடியுந் தாங்கினியே*
*மடியிலொன்னத் தாங்கவந்தேன் மக...*

பிளேட்டில் அந்த இடத்தை நிரப்ப ஆர்மோனியம் எழுவதற்குள், வட்டமாக உட்கார்ந்திருந்த இருபது பெண்களும் வாயைத் திறந்து “னே” என்றார்கள்.

யாரும் யோசித்துச் சொல்லவில்லை. எதிரே பிணம் கிடந்தது. எடுத்துக் கொடுக்கிற குரல் கேட்டது. சொல் பாதியில் நின்றது. வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெரிய வெள்ளியில் பெட்டிக்கு முன்னால் மூடிக்கிடந்த வாய்கள் இன்று தாமாகத் திறந்தன.

*பாலூட்டின மாருலதான் பச்சரெத்தம் ஒழுகுதடா*
*பாவி நானும் பாத்திருந்தேன் மக...*

“னே” என்றார்கள். இந்தத் தடவை ஒரு குரல் குறைந்தது. இன்னாசியம்மாள் வாங்கவில்லை. அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு வியாகுலத்தின் கட்டிய தாடையைப் பார்த்தாள். உலகத்தில் எந்த நாடகக்காரிக்கு இந்தத் துறையின் பாதிச் சொல் தெரியும்? அவள் பார்வை மெதுவாக ததேயுஸிடம் வந்து நின்றது.

அவன் செம்பைக் கீழே வைத்தான்.

“மைனி,” என்றான்.

அவள் அவன் மேலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெட்டியில் முறுக்குக் குறைந்தது. குரல் கனத்து, இழுத்து, ஆண்குரல் போலாகி, அமுங்க ஆரம்பித்தது. பெண்கள் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நிக்க விடாத. முடுக்கு,” என்றாள் இன்னாசியம்மாள், யாரையும் பார்க்காமல்.

ஜேசுதாஸ் குனிவதற்குள் ததேயுஸ் முந்திக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தான். சுற்றினான். குரல் கீழிருந்து மேலே ஏறித் தன் இடத்துக்கு வந்தது.

இன்னாசியம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிணத்தின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அதன் தோளில் கையைப் போட்டாள். சந்தையிலிருந்து வரும்போது புளியமரத்தடியில் இருவரும் இளைப்பாறுகிற மாதிரி.

“ஒழுங்கா வாங்குங்கட்டி,” என்றாள். “அவ எடுத்துக் குடுக்கா.”

சில பெண்களுக்கு விளங்கியது. சிலருக்கு விளங்கவில்லை. ஆனால் எல்லாரும் வாங்கினார்கள். வெளியே ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். ஜேசுதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற உபதேசியாரிடம், “பாத்தீரா? நான் சொல்லல்லியா, சொர்ணகாந்தி பாணின்னு?” என்றார்.

கோயில் மணி ஒற்றை ஒற்றையாக விழ ஆரம்பித்தது. சவப்பெட்டி சுமக்கிற நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பாட்டு கடைசி அடிக்கு வந்திருந்தது.

*மண்ணுக்கும் கூடவாறேன் மக...*

“னே” என்று இழுத்து முடித்துவிட்டு, பெண்கள் அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்கள். பெட்டியிலிருந்து முள் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. அது ஓயாமல் வந்துகொண்டிருந்தது. யாரும் எழவில்லை.

காற்று நின்றிருந்தது. வியாகுலத்தின் முகத்தில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. ததேயுஸ் கைக்கு எட்டியதை எடுத்து விசிறத் தொடங்கினான். பிளேட்டு உறைதான். வெள்ளைத் துணி போட்டு, கண்ணை மேலே தூக்கிய அந்த அழகான முகம், அம்மைத் தழும்புகளின் மேல் போய்ப் போய் வந்தது.